துணைமாந்தர் தனிமனை புகுந்த வரலாறு

தோற்றுவாய்

ஒரு கதையில் ஓரத்தில் நின்றவர் மற்றொரு கதையில் நடுநாயகமாய் அமர்வது இலக்கிய உலகிற்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் மாதவியின் மகளாகப் பிறந்து, கதையின் விளிம்பிலேயே நின்றுவிடும் மணிமேகலைக்குச் சாத்தனார் ஒரு தனிக்காப்பியமே எடுத்தார். அவ்விரண்டையும் இரட்டைக் காப்பியங்கள் என்று இன்றும் சேர்த்தே வழங்குகிறோம். ஆங்கிலத்தில் ஷேக்ஸ்பியரும் தம் 'நான்காம் ஹென்றி' நாடகங்களில் அரசகுமாரனுக்குத் தோழனாகப் படைத்த ஃபால்ஸ்டாஃப் என்னும் பருத்த கிழவீரனை, வின்ட்சர் நகர மனைவியரைப் பற்றிய களிநாடகம் ஒன்றில் நடுநாயகமாக உலவவிட்டார்.

புலவர்கள் எப்போதோ ஒருமுறை செய்த இதனை, இருபதாம் நூற்றாண்டில் வானொலியும் தொலைக்காட்சியும் ஒரு தொழிலாகவே ஆக்கிக்கொண்டன. 1941இல் 'ஃபிப்பர் மெக்கீ அண்ட் மாலி' என்னும் அமெரிக்க வானொலி நிகழ்ச்சியில் அண்டை வீட்டுக்காரராக வந்துபோன கில்டர்ஸ்லீவ் என்பாருக்குத் தனி நிகழ்ச்சி அமைந்தது. 1970களில் இவ்வழக்கம் பெருவெள்ளமாயிற்று. 'ஆல் இன் தி ஃபேமிலி' என்னும் தொடரிலிருந்து 1972இல் 'மாட்' என்பதும், 1975இல் 'தி ஜெஃபர்சன்ஸ்' என்பதும் கிளைத்தன. 'மேரி டைலர் மூர்' தொடரிலிருந்து 'ரோடா', 'ஃபில்லிஸ்', 'லூ கிராண்ட்' என மூன்று கிளைகள் 1974க்கும் 1977க்கும் இடையே பிரிந்தன. இவற்றைக் கிளைத்தொடர் என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

கிளைத்தொடர்களுள் நெடுங்காலம் வாழ்ந்தவற்றின் பெருமையைப் பலரும் எழுதியுள்ளனர். குறுகிய காலத்தில் மறைந்தவற்றையோ, 'துணைப்பாத்திரம் தனித்து நில்லாது' என்ற ஒரே வரியில் தள்ளிவிடுவர். அவ்வரி எந்த அளவிற்கு உண்மை என்பதை ஒரு தொடரைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அத்தொடர் 1979 மார்ச்சு முதல் 1980 மே வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான 'தி ரோப்பர்ஸ்' என்பது. இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இதே கதை இங்கிலாந்திலும் கிளைத்தொடராக வந்தது. ஆங்கு அது வென்றது, அமெரிக்காவில் தோற்றது. ஒரே விதை இரு நிலங்களில் முளைத்து வேறுவேறு பயன் தந்தால், குறை விதையிலா நிலத்திலா உழவிலா என்று ஆராய வழி பிறக்குமன்றோ?

இலண்டனில் இட்ட விதை

ஜானி மார்ட்டிமர், பிரையன் குக் என்னும் இரு எழுத்தாளர்கள் படைத்த 'மேன் அபௌட் த ஹவுஸ்' என்னும் நகைச்சுவைத் தொடர், 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. தேம்ஸ் தொலைக்காட்சி நிறுவனம் அதனைத் தயாரித்தது. கதை எளியது. இலண்டனில் ஒரு குடியிருப்பில் வாடகைக்கு இருக்கும் இரு இளம்பெண்கள், மூன்றாமவராக ராபின் டிரிப் என்னும் இளைஞனைச் சேர்த்துக்கொள்கின்றனர். மணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் வாழ்வதற்கு வீட்டுக்காரர் இசைய வேண்டுமே! அவன் தன்பால் ஈர்ப்புடையவன் என்று அவரிடம் சொல்லிச் சமாளிக்கின்றனர்.

அந்த வீட்டுக்காரர்தாம் ஜார்ஜ் ரோப்பர். அவர் மனைவி மில்ட்ரெட். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் இவர்கள் பிள்ளைப்பேறு இல்லாத நடுவயது இணையர். கணவர் கஞ்சர், சோம்பேறி, மனைவியின் அன்பு அழைப்பைக் கண்டால் தலைவலி என்று ஒதுங்குபவர். மனைவியோ ஆசையும் ஏமாற்றமும் கலந்த கூர்நாவினர். பிரையன் மர்ஃபியும் யூத்தா ஜாய்ஸும் இவ்வேடங்களை ஏற்றனர். இருவரும் ஜோன் லிட்டில்வுட் அம்மையார் கிழக்கு இலண்டனில் நடத்திய 'தியேட்டர் வொர்க்‌ஷாப்' என்னும் நாடகக்குழுவில் பயின்றவர்கள். ஒருவர் பேச்சை மற்றவர் எங்கே வாங்கிக்கொள்வார், எங்கே மௌனம் காப்பார் என்பதெல்லாம் இருவர்க்கும் நன்கு பழகிய பாடம்.

இளைஞர் கதையாகத் தொடங்கிய தொடரில் இம்முதிய இணையர்க்குக் கிடைத்த வரவேற்பு படைத்தோரையே நிமிர்ந்து பார்க்கச் செய்தது. 1976 ஏப்ரலில் மூலத்தொடர் நிறைவுற்றது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே 'ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட்' என்னும் கிளைத்தொடர் தொடங்கியது. பழைய வீட்டைவிட்டு ஹாம்ப்டன் விக் என்னும் புறநகர்ப் பகுதிக்கு இணையர் குடிபெயர்கின்றனர். அடுத்த வீட்டில் ஃபோர்மைல் என்னும் குடும்பத்தார். வீடு விற்பனை முகவரான அக்குடும்பத் தலைவர் பழமைவாதக் கட்சியில் பற்றுடையவர். தம் தெருவின் மதிப்பைக் குறித்துக் கவலைப்படுபவர். உழைக்கும் வகுப்புப் பழக்கங்களை ஒரு முடிகூட மாற்றிக்கொள்ளாத ஜார்ஜ், பழைய மோட்டார் சைக்கிளோடு அத்தெருவில் வந்து இறங்கினால் நேர்வது என்ன என்பதே கதை. 1979ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் வரை அத்தொடர் 38 பகுதிகள் வந்தது.

ஈண்டு ஒன்று குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் மூலத்தொடர் முடிந்த பின்னரே கிளை பிறந்தது. எனவே, ரோப்பர் இணையர் பழைய வீட்டைவிட்டுச் சென்றபோது அங்கே அவர்கள் விட்டுச்சென்ற வெற்றிடம் என ஒன்று இல்லை. அதனை நிரப்ப வேறொருவரும் தேவைப்படவில்லை. அமெரிக்காவில் நிகழ்ந்தது வேறு.

கடல் கடந்த கதை

'மேன் அபௌட் த ஹவுஸ்' தொடரை டான் நிக்கோல், மைக்கேல் ராஸ், பெர்னி வெஸ்ட் ஆகிய மூவர் அமெரிக்க மண்ணிற்கேற்ப மாற்றியமைத்தனர். 'த்ரீஸ் கம்பெனி' என்னும் பெயரில் 1977 மார்ச்சு 15 அன்று ஏ.பி.சி. தொலைக்காட்சியில் அது தொடங்கியது. இலண்டன் போய் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா வந்தது. ராபின் டிரிப் ஜாக் டிரிப்பர் ஆனான். அவ்வேடத்தை ஜான் ரிட்டர் ஏற்றார். ஜாய்ஸ் டெவிட்டும் சுசான் சோமர்சும் உடனுறை பெண்களாக நடித்தனர். வீட்டுக்காரர் குடும்பத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. ஸ்டான்லி ரோப்பர், ஹெலன் ரோப்பர் என்பவர்கள் அவர்கள்.

ஸ்டான்லியாக நடித்தவர் நார்மன் ஃபெல். 1924இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் பசிபிக் போர்முனையில் வானூர்தியின் பின்பக்கத் துப்பாக்கி வீரராகப் பணியாற்றியவர். டெம்பிள் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்று பட்டம் பெற்றவர். 1967இல் வெளிவந்த 'தி கிராஜுவேட்' திரைப்படத்திலும் அவருக்குக் கிடைத்தது வாடகை வீட்டுக்காரர் வேடமே! இவ்வாறு சிறு வேடங்களில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்க்கு, ஐம்பது வயதைக் கடந்தபின் நாடு முழுதும் அறிந்த ஒரு முகம் வாய்த்தது. ஹெலனாக நடித்த ஆட்ரா லிண்ட்லி அவரினும் மூத்தவர், 1918இல் பிறந்தவர், மேடையிலும் தொலைக்காட்சியிலும் நெடுங்காலம் நடித்தவர். சுருண்ட செந்நிறப் பொய்முடி, பெருமணி மாலைகள், தரையைத் தொடும் தளர்ந்த பூப்போட்ட அங்கி ஆகியன அவர்தம் அடையாளங்கள்.

இவ்விருவரும் தொடரில் ஆற்றிய பணி என்ன? நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் பணிக்கு அதனை ஒருபுடை ஒப்பிடலாம். அவன் கதைக்குள்ளும் இருப்பான், கதைக்கு வெளியே நின்று அவையோரைப் பார்த்தும் பேசுவான். ஸ்டான்லியும் தம் மனைவியை ஒரு சொல்லால் குத்திவிட்டு, கேமராவை நேரே நோக்கிப் பல் தெரியச் சிரிப்பார். பார்ப்போர் அச்சிரிப்பிற்காகவே காத்திருந்தனர். இளையோர் மூவரின் குழப்பத்தில் கதவு தட்டப்படும், வீட்டுக்காரர் நுழைவார், இரண்டு நிமிடம் நின்று சிரிக்கவைத்துச் செல்வார். 1979 சனவரியில் வழங்கப்பட்ட கோல்டன் குளோப் விருதுகளில், தொலைக்காட்சியின் சிறந்த துணைநடிகர் விருது நார்மன் ஃபெல்லுக்குக் கிடைத்தது. துணைநடிகராக அவர் எட்டிய உச்சம் அதுவாகும். அதற்கு அடுத்த இரண்டு மாதங்களிலேயே அவர் துணைநடிகர் என்ற நிலையைவிட்டு வெளியேறினார்.

ஓராண்டு உறுதி

இங்கிலாந்தில் செய்ததையே அமெரிக்காவிலும் செய்ய ஏ.பி.சி. நிறுவனம் விரும்பியது. ஆயின் ஒரு வேறுபாடு: இங்கே 'த்ரீஸ் கம்பெனி' முடியவில்லை, முடியும் எண்ணமும் எவர்க்கும் இல்லை. நாட்டின் முன்னணித் தொடர்களுள் ஒன்றாக அது ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் வண்டியிலிருந்து இருவரை இறக்கி வேறொரு வண்டியில் ஏற்றுவதே திட்டம்.

நார்மன் ஃபெல் தயங்கினார். நிலையான வேலை கையில் இருக்க, நிலைக்குமோ நிலைக்காதோ என்று தெரியாத ஒன்றிற்குப் போவானேன் என்பது அவர் எண்ணம். அவர் தயக்கத்தைத் தீர்க்க ஓர் உறுதி அளிக்கப்பட்டது. புதிய தொடர் ஓராண்டிற்குள் நிறுத்தப்பட்டால், பழைய தொடருக்கே திரும்பி வரலாம் என்பது அவ்வுறுதி.

நடுவண் அரசின் அலுவலகங்களில் பணிபுரிவோர்க்கு இவ்வேற்பாடு நன்கு விளங்கும். வேறு துறையில் நல்ல பதவி ஒன்று கிடைத்துச் செல்லும் நிரந்தர ஊழியர், தம் பழைய பதவியின் மீது ஓர் உரிமையை வைத்துவிட்டுச் செல்வார். அலுவலகப் பேச்சில் அதனை 'லீன்' என்போம். இரண்டாண்டு என்பது பொதுவான கால எல்லை. புதிய இடம் ஒத்துவரவில்லையெனில் அதற்குள் திரும்பிவிட வேண்டும். நாள் கடந்தால் உரிமை போயிற்று. இதில் ஊழியர் கவனிக்க வேண்டியது கால எல்லையின் நீளம் மட்டுமன்று. திரும்பும் முடிவு யார் கையில் இருக்கிறது என்பதே முதன்மையானது. நம் விதியில், எல்லைக்குள் திரும்ப விரும்பும் ஊழியர் தாமே விண்ணப்பம் எழுதலாம். ஃபெல் பெற்ற உறுதியிலோ, திரும்பும் வழி திறக்க வேண்டுமெனில் நிறுவனம் முதலில் தொடரை நிறுத்த வேண்டும். அந்நாளைக் குறிக்கும் எழுதுகோல் அவரிடம் இல்லை. இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றும். முடிவில் எல்லாம் இதில்தான் தங்கியது.

புதுமனையில் இணையர்

1979 மார்ச்சு 13, செவ்வாய்க்கிழமை இரவு 'தி ரோப்பர்ஸ்' தொடங்கியது. வாடகைக் குடியிருப்பை விற்றுவிட்டு ஸ்டான்லியும் ஹெலனும் லாஸ் ஏஞ்சல்சின் செவியட் ஹில்ஸ் என்னும் செல்வர் பகுதியில் வீடு வாங்கிக் குடியேறுகின்றனர். அண்டை வீட்டில் ஜெஃப்ரி புரூக்ஸ் என்னும் வீடு விற்பனை முகவர்; தம் பெயருக்குப் பின் 'மூன்றாமவர்' என்று போட்டுக்கொள்ளும் பரம்பரைப் பெருமிதம் உடையவர். அவ்வேடத்தை ஜெஃப்ரி டாம்பர் ஏற்றார். பிற்காலத்தில் 'லாரி சாண்டர்ஸ்' முதலிய தொடர்களால் பெரும்பெயர் பெற்ற அதே நடிகர். 'தி பேட் சீட்' திரைப்படத்தில் சிறுமியாக நடித்துப் புகழ்பெற்ற பாட்ரிஷியா மெக்கார்மக் அவர் மனைவியாக நடித்தார். இங்கிலாந்துத் தொடரின் அமைப்பே இங்கும் அமைந்தது. அங்கே பீக்காக் கிரசென்ட் தெருவில் 46ஆம் எண் வீடு. இங்கே பீக்காக் டிரைவ் தெருவில் 46ஆம் எண் வீடு! கதவெண்ணைக்கூட அவர்கள் மாற்றவில்லை.

முதலில் ஆறு பகுதிகளே ஒளிபரப்பாயின. தாய்த்தொடர் வரும் அதே செவ்வாய் இரவில் இதுவும் வந்தமையால், தாயைப் பார்க்க அமர்ந்தோர் சேயையும் பார்த்துவிட்டே எழுந்தனர். 1978–79ஆம் பருவத்திற்குரிய நீல்சன் கணக்கெடுப்பில் 'தி ரோப்பர்ஸ்' எட்டாம் இடம் பெற்றது. அமெரிக்காவின் தொடர்கள் அனைத்திலும் எட்டாம் இடம்! துணைப்பாத்திரம் தனித்து நில்லாது என்னும் விதி மெய்யாயின், இந்த எட்டாம் இடத்திற்கு என்ன விளக்கம் கூற இயலும்?

கிழமை மாற்றம்

1979 செப்டம்பர் 15 அன்று இரண்டாம் பருவம் தொடங்கியது. அன்று சனிக்கிழமை. ஏ.பி.சி. நிறுவனம் இத்தொடரைச் செவ்வாயிலிருந்து சனி இரவு எட்டு மணிக்கு மாற்றிவிட்டது.

தூர்தர்ஷன் ஒன்றே இருந்த நாள்களில் சிறுவராய் வளர்ந்த நமக்கு இதன் கொடுமை எளிதில் புலப்படாது. நமக்கு எந்த நாள் எது வந்தாலும் அதையே பார்த்தோம், மாற்று இல்லை. அந்நாளைய அமெரிக்காவிலோ ஏ.பி.சி., என்.பி.சி., சி.பி.எஸ். என்னும் மூன்று பெருநிறுவனங்கள் ஒரே நேரத்தில் மூன்று நிகழ்ச்சிகளை வைத்துப் போட்டியிட்டன. ஒரு தொடரின் வாழ்வு அதன் நயத்தைப் பொறுத்தது மட்டுமன்று. அதற்கு முன்னால் எது வருகிறது, எதிரே எது நிற்கிறது என்பனவற்றையும் பொறுத்தது. சனி எட்டு மணிக்கு எதிரே நின்றது என்.பி.சி.யின் 'சிப்ஸ்'. கலிபோர்னிய நெடுஞ்சாலைக் காவலர் இருவரின் மோட்டார் சைக்கிள் துரத்தல்கள் நிறைந்த தொடர் அது. சிறுவரும் இளைஞரும் விரும்பிப் பார்த்தது. முன்னே தாங்கிக்கொள்ளத் தாய்த்தொடர் இல்லை. எதிரே வலிய பகை. பார்ப்போர் தொகை சரிந்தது.

ஓர் இளம்பெண்ணை வாடகைக்கு வைத்துக்கொள்வதாகக் கதையில் மாற்றம் செய்து பார்த்தனர். இணையருக்கு ஒரு பிள்ளைபோல் அவள் அமைவாள் என்பது கருத்து. பயன் விளையவில்லை. 1980 மே 22 அன்று இறுதிப் பகுதி ஒளிபரப்பாயிற்று. மொத்தம் 28 பகுதிகள்.

இதே காலத்தில் இதே கதி மற்றொரு கிளைத்தொடருக்கும் நேர்ந்தது. 1979 சனவரியில் ஃபெல் விருது பெற்ற அதே மேடையில், சிறந்த துணைநடிகை விருதைப் பெற்றவர் போலி ஹாலிடே. 'ஆலிஸ்' என்னும் தொடரில் ஃப்ளோ என்னும் உணவகப் பணிப்பெண்ணாக அவர் நடித்தார். அவருக்கும் 'ஃப்ளோ' என்ற பெயரிலேயே 1980 மார்ச்சில் தனித்தொடர் அமைந்தது. அதுவும் முதலில் குறைந்த பகுதிகளோடு வந்து முன்னணி இடம் பெற்றது; அதுவும் அடுத்த பருவத்தில் நாளும் நேரமும் மாற்றப்பட்டுத் தேய்ந்தது; 1981இல் நிறுத்தப்பட்டது. ஓராண்டில் துணைவேடத்திற்கு விருது பெற்ற இருவரும் தனிவேடத்தில் ஒரே வழியில் உயர்ந்து, ஒரே வழியில் வீழ்ந்தனர். இதனைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் ஒப்பவில்லை.

மூடிய கதவு

இனி ஃபெல் பெற்ற உறுதிக்கு வருவோம். தொடர் தொடங்கியது 1979 மார்ச்சு நடுவில். 1980 மார்ச்சு நடுவிற்குள் நிறுத்தப்பட்டிருந்தால் இணையர் பழைய இடத்திற்குத் திரும்பியிருக்கலாம். ஓராண்டு கடந்த பின்னரே தொடர் நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கால எல்லை கடந்துவிட்டது, உறுதி காலாவதியாயிற்று. முடிவு முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது என்றும், உறுதியிலிருந்து விடுபடுவதற்காகவே அறிவிப்பைத் தள்ளிப்போட்டனர் என்றும் தாம் நம்புவதாகப் பிற்காலத்தில் ஃபெல் கூறியுள்ளார். இஃது அவர் நம்பிக்கை. நாம் உறுதியாகக் கூறத்தக்கது இவ்வளவே: ஓராண்டு முடியும்வரை தொடர் உயிரோடு வைக்கப்பட்டிருந்தது, ஓராண்டு முடிந்ததும் உயிர் போயிற்று.

திரும்பியிருந்தாலும் அமர நாற்காலி இருந்திருக்குமா என்பது மற்றொரு வினா. ரோப்பர் இணையர் சென்றபின் 'த்ரீஸ் கம்பெனி'யில் வீட்டுக்காரர் இல்லாமற் கதை நடவாது. எனவே 1979 இலையுதிர்ப் பருவத்திலேயே, ரால்ஃப் ஃபர்லி என்னும் புதிய மேற்பார்வையாளர் வேடத்தில் டான் நாட்ஸ் சேர்க்கப்பட்டார். 'ஆண்டி கிரிஃபித்' தொடரில் காவலர் பார்னி ஃபைஃபாக நடித்து ஐந்து எம்மி விருதுகள் பெற்ற பெருநடிகர் அவர். கழுத்தில் வண்ணத் துணி, பளபளக்கும் உடை, வெருண்ட விழி என்று முற்றிலும் வேறான ஒருவரை அவர் படைத்துக்காட்டினார். பார்ப்போர் அவரை ஏற்றுக்கொண்டனர். 1984இல் தொடர் முடியும்வரை அவர் இருந்தார். விடுப்பில் சென்றவர் இடத்தில் வந்தவர், சென்றவரினும் திறமையாகப் பணியாற்றிவிட்டால், சென்றவர் நிலை என்னாவது? இரு வீட்டுக்காரரை ஒரு வீடு தாங்காது.

1981இல் ஒரே ஒரு பகுதியில் ரோப்பர் இணையர் விருந்தினராகப் பழைய வீட்டிற்கு வந்து சென்றனர். தாம் உரிமையோடு கதவு தட்டிய இடத்தில் விருந்தாளியாகத் தட்ட நேர்ந்தது. அத்துடன் அவர்கள் கதை முடிவுற்றது.

காரணம் யாது?

இத்தோல்விக்கு மூன்று காரணங்களை எண்ணிப்பார்க்கலாம்.

முதலாவது, பாத்திரத்தின் இயல்பு. மனைவியின் அன்பை மறுத்து நகைக்கும் கணவர் இரண்டு நிமிடம் வந்துபோனால் சிரிப்பு வரும். அரைமணி நேரம் அதுவே கதையானால், சிரிப்பின் அடியில் இருக்கும் துயரம் மேலே வந்துவிடும். கட்டியங்காரன் ஒருவனை மட்டும் வைத்து விடிய விடியக் கூத்து நடத்த இயலாது என்பதை நம் கூத்துக் கலைஞர் அறிவர். ஆயினும், இக்காரணம் ஒன்றே போதுமானதாயின் இங்கிலாந்திலும் தொடர் தோற்றிருக்க வேண்டும். ஆங்கு அது தோற்கவில்லை.

இரண்டாவது, நிலத்தின் இயல்பு. இங்கிலாந்தில் ஜார்ஜ் ரோப்பர் வகுப்பு வேற்றுமையின் குறியீடு. அவர் தேநீர் அருந்தும் முறையும், உடுக்கும் உடையும், பேசும் ஒலிப்பும் அடுத்த வீட்டாரை உறுத்தின. அவ்வுறுத்தலில் ஒரு நாட்டின் சமூக வரலாறே அடங்கியிருந்தது. கணவன் மனைவிப் பூசலுக்கு அப்பால் ஒரு பொதுப்பூசல் கதையைத் தாங்கிநின்றது. அமெரிக்காவிலும் செல்வர் வறியர் வேற்றுமை உண்டு. ஆனால், பணம் கொடுத்து வீடு வாங்கியவர் அத்தெருவிற்கு உரியவரே என்பது அந்நாட்டின் பொது மனப்பான்மை. அண்டைவீட்டாரின் ஏளனத்திற்கு அங்கே ஆழமான வேர் இல்லை. வேர் இன்மையால் பாரம் முழுவதும் மீண்டும் கணவன் மனைவி மீதே விழுந்தது.

மூன்றாவது, உழவின் முறை. இங்கிலாந்தில் ஒரு பருவத்திற்கு ஏழெட்டு, மிஞ்சினால் பத்துப் பகுதிகள். மூலத்தைப் படைத்த அதே இரு எழுத்தாளர்கள் நிதானமாக எழுதினர். அமெரிக்காவில் இரண்டாம் பருவத்தில் மட்டும் 22 பகுதிகள். ஆறு பகுதிகளுக்கு எட்டாம் இடம் பெற்ற தொடரை, கன்றைத் தாயிடமிருந்து பிரிப்பதுபோல் தாய்த்தொடரின் அருகிலிருந்து பிரித்து, வலிய பகைக்கு எதிரே நிறுத்தினர்.

இம்மூன்றையும் சீர்தூக்கினால், துணைப்பாத்திரம் தனித்து நில்லாது என்பது இயற்கை விதியன்று என்பது போதரும். பிற்கால வரலாறும் இதற்குச் சான்று. 'சியர்ஸ்' என்னும் ஒரே மரத்திலிருந்து இரு கிளைகள் பிரிந்தன. 1987இல் வந்த 'தி டார்டெல்லிஸ்' 13 பகுதிகளோடு உதிர்ந்தது. 1993இல் வந்த 'ஃப்ரேசியர்' 2004 வரை பதினோரு ஆண்டுகள் செழித்தது. ஃப்ரேசியர் என்னும் மருத்துவருக்குப் புதிய ஊர், புதிய தொழில், தந்தை, தம்பி என ஒரு முழு உலகமே புதிதாகப் படைத்துத் தரப்பட்டது. அவர் பழைய நகைச்சுவையை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வரவில்லை. சாத்தனார் மணிமேகலைக்குச் செய்ததும் அதுவேயன்றோ? ஓரத்தில் நின்றவரை நடுவில் நிறுத்தினால் மட்டும் போதாது. அவரைச் சுற்றி ஒரு நடுவிடத்தையும் படைத்தல் வேண்டும்.

முடிவுரை

இங்கிலாந்தின் வெற்றியும் கண்ணீரின்றி முடியவில்லை. மில்ட்ரெட்டாக நடித்த யூத்தா ஜாய்ஸ் அம்மையார், 1980 ஆகஸ்டு 24 அன்று, தம் 53ஆம் பிறந்தநாள் கழிந்த நான்காம் நாள், கல்லீரல் நோயால் மறைந்தார். அமெரிக்காவில் தொடர் முடிந்து மூன்று மாதங்களே அப்போது ஆகியிருந்தன. மில்ட்ரெட் இன்றி ஜார்ஜ் இல்லை. ஆதலின் 'ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட்' தொடரும் அத்துடன் நின்றது. ஓராண்டின் சில மாதங்களுக்குள் கடலின் இருகரையிலும் ரோப்பர் இல்லங்கள் பூட்டப்பட்டன.

ஆட்ரா லிண்ட்லி 1997இலும், நார்மன் ஃபெல் 1998இலும், ஜான் ரிட்டர் 2003இலும், சுசான் சோமர்ஸ் 2023இலும் காலமாயினர். இலண்டனின் ஜார்ஜ் ரோப்பராகிய பிரையன் மர்ஃபி 2025 பிப்ரவரியில், 92ஆம் வயதில் மறைந்தார். ஆயினும், அண்மை ஆண்டுகளில் அமெரிக்க நகரங்களில் ஒரு வேடிக்கை நிகழ்கிறது. பெண்களும் ஆண்களும் திரளாகச் சேர்ந்து, செந்நிறச் சுருள்முடியும் பெருமணி மாலையும் பூப்போட்ட அங்கியும் அணிந்து, அனைவரும் ஹெலன் ரோப்பராகவே தெருவில் உலாச் செல்கின்றனர். நாயகர் வேடத்தையோ நாயகியர் வேடத்தையோ எடுத்து இவ்வாறு எவரும் திரண்டு நடப்பதாகக் கேட்கவில்லை. ஓரத்தில் நின்ற வீட்டுக்கார அம்மையார் மக்கள் நெஞ்சில் நடுவிடம் பிடித்துவிட்டார். 28 பகுதிகளோடு நின்றுபோன தொடர் அதற்குத் தடையாகவில்லை.

எனவே, 'தி ரோப்பர்ஸ்' தோற்றது என்று எழுதும்போது யார் தோற்றனர் என்பதையும் சேர்த்து எழுதுதல் வரலாற்றாசிரியர் கடமை. பாத்திரங்கள் தோற்கவில்லை, நடிகரும் தோற்கவில்லை. கிழமையை மாற்றியவர்களின் கணக்கு தோற்றது. அக்கணக்கிற்கான விலையைக் கொடுத்தவர் மட்டும், கையில் இருந்த இடத்தைவிட்டுத் தயங்கித் தயங்கிப் புறப்பட்ட ஒரு மூத்த நடிகர். அவர் உறுதி கேட்டார், உறுதியும் பெற்றார். அதில் இருந்த ஓராண்டு என்னும் சொல்லை அவர் நம்பினார். அச்சொல்லைத் தந்தவர்களிடமே நாட்காட்டியும் இருந்தது.